கைவிட்டதன் விலை: பிரிஞ்சாங் மலைத் தேயிலை கற்பிக்கும் பொருளியற் பாடம்

ஒரு மலைச்சரிவில் தேயிலை நட்டால், அதே சரிவில் அதே காலத்தில் முட்டைக்கோசு நட இயலாது. இரண்டையும் நடாது விட்டால் காடு நிற்கும். காட்டை வெட்டி மாளிகை எழுப்பினால் தேயிலையும் இல்லை, கோசும் இல்லை, காடும் இல்லை. இவ்வளவு எளிய உண்மையைச் சொல்ல ஒரு சாத்திரம் வேண்டுமோ என்று தோன்றலாம். ஆயினும் பொருளியல் தன் முதற்பாடமாக வைத்திருப்பது இவ்வுண்மையைத்தான். ஒரு பொருளின் விலை அதற்குக் கொடுத்த பணம் மட்டுமன்று. அதனைப் பெறுவதற்காகக் கைவிட்ட மற்றொன்றின் பயனே அதன் மெய்யான விலை. கைவிட்டவை பலவாயினும் அவற்றுள் சிறந்த ஒன்றே கணக்கில் வரும். ஏனெனில் அவை அனைத்தையும் ஒருங்கே ஒருவன் பெற்றிருக்க முடியாது.

இக்கருத்தை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வளர்த்தவர்களுள் ஆஸ்திரிய நாட்டு அறிஞர் விசர் முதன்மையானவர். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனை வாய்ப்புச் செலவு என்கின்றன. ஈழத்துப் பாடநூல்கள் அமையச் செலவு என்கின்றன. சொல் புதிது, எண்ணம் தமிழுக்கு முற்றிலும் புதிதன்று. திருக்குறளில் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரம் தொடங்கும்போதே, ஒரு செயலில் இறங்குமுன் அழிவது எது, ஆவது எது, பின்னர் வரும் ஊதியம் எது என்று மூன்றையும் எண்ண வேண்டும் என வள்ளுவர் வற்புறுத்துகிறார். கையிலிருந்து செலவாவது மட்டுமன்றிக் கைக்கு வராமற் போவதும் ஓர் அழிவே என்பது பொருளியலார் அதனோடு சேர்க்கும் நுட்பம்.

ஏட்டில் கற்பதைவிட ஒரு நிலத்தின் வரலாற்றில் இக்கணக்கைக் காண்பது எளிது. மலேசியாவின் பகாங் மாநிலத்தில், கேமரன் மலைப்பகுதியில், கடல் மட்டத்திற்கு 5,000 அடிக்கு மேல் அமைந்த சிற்றூர் பிரிஞ்சாங். அதனருகே அதே பெயருடைய சிகரம் 6,600 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. சிகரத்துக்குச் செல்லும் பாதையை ஒட்டிச் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் மலைமேல் விரித்த பச்சைக் கம்பளமெனக் கிடக்கிறது. அத்தோட்டங்களின் வரலாற்றில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. தேயிலைக்காகக் கைவிடப்பட்டது எது என்பது ஒன்று. கைவிட்டவர் யார் என்பது மற்றொன்று. முதற் கேள்வியைப் பாடநூல்கள் கேட்கின்றன. இரண்டாவதை வரலாறுதான் கேட்க வேண்டும்.

மலையும் பாதையும்

1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் பகாங், பேராக் எல்லை மலைகளை ஆராய்ந்து சென்றபோது, மலைகள் சூழ்ந்த மென்சரிவுடைய ஒரு மேட்டுநிலத்தைக் கண்டதாக எழுதினார். மறு ஆண்டே அவர் இறந்தார். அவர் பெயர் நிலத்துக்கு நின்றது. ஆயினும் நாற்பது ஆண்டுக் காலம் அரசினர் அந்நிலத்தை ஒன்றுக்கும் பயன்படுத்தவில்லை. காரணம் வெளிப்படை: ஏறிச் செல்லப் பாதை இல்லை. பாதை இல்லாத நிலத்தில் விளைந்தது சந்தைக்கு வாராது. சந்தைக்கு வாராத விளைச்சலுக்கு விலை இல்லை.

எனினும் அந்நிலம் ஆளற்ற நிலம் அன்று. செமாய் முதலிய பூர்வகுடி மக்கள் அக்காடுகளில் வேட்டையாடியும், சிறு நிலங்களைத் திருத்திப் பயிரிட்டும், காடுபடு பொருள்களைத் திரட்டியும் வாழ்ந்துவந்தனர். 'பயன்படாத நிலம்' என்று அரசு ஏடு எழுதும்போது, யாருக்குப் பயன்படாத நிலம் என்ற வினா எழுகிறது. காட்டின் பயன் பணமாக மாறாமையால் ஏட்டில் அது ஏறவில்லை. கைவிட்டதன் கணக்கில் முதல் விடுபாடு இதுவே.

1925-ஆம் ஆண்டில், மலாய்க் கூட்டு மாநிலங்களின் தலைமைச் செயலாளராய் இருந்த சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் இம்மலைக்கு வந்து, இதனை ஒரு மலைவாழ் நகரமாக்கத் திட்டமிட்டார். இந்தியாவில் உதகமண்டலம் போல, இலங்கையில் நுவரெலியா போல, மலாயாவிலும் வெள்ளையர் வெம்மை நீங்கித் தங்க ஓர் இடம் வேண்டும் என்பது அக்கால எண்ணம். தானா ராத்தாவில் ஒரு வேளாண்மை ஆய்வு நிலையம் எழுந்தது. தேயிலை, காப்பி, காய்கறி, பழம் ஆகியவை இம்மண்ணில் விளையும் என்று அது காட்டியது. 1928-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாப்பாவிலிருந்து மலைப்பாதை அமைக்கும் பணி தொடங்கியது. அடர்ந்த காட்டையும் செங்குத்துச் சரிவையும் வெட்டிய அப்பாதை 1930-ஐ ஒட்டி மேலே எட்டியது.

பாதை வந்ததும் நிலத்தின் நிலை மாறிற்று. அதுவரை ஒன்றே செய்யக்கூடியதாய் இருந்த நிலம், இப்போது பல செய்யக்கூடியதாயிற்று. மாளிகை கட்டலாம், தேயிலை நடலாம், காய்கறி பயிரிடலாம், காடாகவே விடலாம். வழிகள் பெருகுந்தோறும் ஒவ்வொன்றின் விலையும் ஏறுகிறது. ஏனெனில் ஒன்றைத் தேர்ந்தால் இழக்கும் மற்றொன்றும் பயனுடையதாகிவிடுகிறது. பாதை இல்லாத மலையில் தேயிலைக்கு வாய்ப்புச் செலவு மிகக் குறைவு. ஆனால் அங்கே தேயிலையும் இல்லை.

தேயிலை மலையேறியது ஏன்?

1929-ஆம் ஆண்டில் ஜான் ஆர்ச்சிபால்டு ரஸ்ஸல் என்பவர், இலங்கைத் தேயிலைத் தொழிலில் பழகிய மில்ன் என்பவரோடு சேர்ந்து 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். ரஸ்ஸல் மலாயாவில் ரப்பர், ஈயம், நிலக்கரி ஆகிய தொழில்களில் ஈடுபட்டவர். அவரது நிறுவனமே பின்னர் சுங்கை பாலாசையும் உள்ளிட்ட தோட்டங்களுக்கு உரிமை பெற்றது. 1933-ஆம் ஆண்டில் 'பாரத்' தேயிலைத் தோட்டமும் தோன்றிற்று. அதனை நிறுவியவர்கள் இந்தியாவிலிருந்து வந்த வணிகக் குடும்பத்தார்.

தேயிலை குளிர்ந்த மலையில்தான் விளையும் என்று பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. அசாமின் சமவெளிகளில் தேயிலை விளைகிறது. மலாயாவிலும் செலாங்கூரின் தாழ்நிலமாகிய புக்கிட் சீடிங்கில் 'போ' நிறுவனமே தேயிலை பயிரிட்டது. மலைத் தேயிலைக்கு மணமும் நயமும் மிகுதி என்பது மெய். ஆயினும் தேயிலை மலையிலேயே தங்கியதற்கு அஃதொன்றே காரணம் அன்று. தாழ்நிலத்தில் ஓர் ஏக்கர் தேயிலை நட்டால் கைவிட வேண்டியது ஓர் ஏக்கர் பால்மரம். பிற்காலத்தில் ஓர் ஏக்கர் செம்பனை. அவை இரண்டும் நல்ல வருவாய் தருவன. பிரிஞ்சாங் குளிரில் பால்மரமும் செம்பனையும் செழிப்பதில்லை. ஆகவே அங்கே தேயிலைக்காக அவற்றைக் கைவிட வேண்டியதே இல்லை. இன்று மலேசியாவில் செம்பனை ஐம்பது இலட்சம் எக்டேருக்கு மேல் பரந்திருக்க, தேயிலை சில ஆயிரம் எக்டேருக்குள் அடங்கிக் கிடப்பதும், அந்நாட்டு மக்கள் அருந்தும் தேயிலையில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து வருவதும் இக்கணக்கினாலேதான். ஒரு பயிர் எங்கே மிகுதியாக விளைகிறது என்பதைவிட, எங்கே அதற்காகக் குறைவாக இழக்க வேண்டியிருக்கிறது என்பதே அதன் இடத்தைத் தீர்மானிக்கிறது.

மலையில் பால்மரம் போட்டிக்கு வாராவிடினும் காய்கறி வந்தது. 1930-களிலிருந்து சீன உழவர்கள் பள்ளத்தாக்குகளில் முட்டைக்கோசு முதலிய குளிர்நிலக் காய்கறிகளைப் பயிரிட்டுத் தாழ்நில நகரங்களுக்கு அனுப்பினர். தேயிலைக்கும் காய்கறிக்கும் இடையிலான இப்போட்டியில் பொருளியலாரின் புகழ்பெற்ற வளைகோடு ஒன்றைக் கண்ணாரக் காணலாம். ஒருவரிடம் பத்து ஏக்கர் மலைநிலம் இருப்பதாகக் கொள்வோம். அதில் ஒரு பகுதி செங்குத்துச் சரிவு; ஒரு பகுதி ஆற்றங்கரைச் சமநிலம். முழுதும் காய்கறியாய் இருந்த அந்நிலத்தில் முதல் ஏக்கர் தேயிலையைச் சரிவில் நட்டால், இழப்பது 1,000 கோசு என்று வைத்துக்கொள்வோம். ஏனெனில் சரிவில் காய்கறி ஏற்கெனவே நன்றாக விளைந்ததில்லை. தேயிலை மேலும் மேலும் பரவிக் கடைசி ஏக்கராகிய ஆற்றங்கரைச் சமநிலத்தை எட்டும்போது, அந்த ஓர் ஏக்கருக்காக 8,000 கோசு இழக்க நேரலாம். எண்கள் விளக்கத்துக்குக் கொண்டவை, போக்கு உண்மையானது. ஒரே பயிரை விரிக்க விரிக்க ஒவ்வோர் ஏக்கரின் விலையும் ஏறுகிறது. இதனையே உற்பத்தி வாய்ப்பு வளைகோடு வெளிப்புறமாகப் புடைத்து வளைந்து காட்டுகிறது. பிரிஞ்சாங்கில் சரிவெல்லாம் தேயிலையாகவும் பள்ளமெல்லாம் காய்கறியாகவும் பெரும்பாலும் அமைந்தமைக்கு இது ஒரு காரணம்.

மற்றொரு காரணம் காலத்தைப் பற்றியது. கோசு மூன்று திங்களளவில் சந்தைக்கு வந்துவிடும். தேயிலைச் செடி கொழுந்து தர மூன்று ஆண்டுகளேனும் செல்லும். அதன்பின் பல பத்தாண்டுகள் தொடர்ந்து தரும். காத்திருப்பதற்கும் விலை உண்டு: அந்த மூன்று ஆண்டுகளில் அப்பணம் வேறெங்கும் ஈட்டியிருக்கக்கூடிய ஊதியம் அது. அதனைத் தாங்கும் ஆற்றல் பெருமுதல் உடைய நிறுவனத்துக்கு உண்டு; கைம்முதல் சிறிதுடைய உழவனுக்கு இல்லை. மேலும் காய்கறி உழவர் பலர் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தில் நிலம் வைத்திருந்தனர். அடுத்த ஆண்டு நிலம் தனதாய் இருக்குமோ என்று அறியாதவன், ஐம்பதாண்டு வாழும் செடியை நடான். ஆகவே யார் எதைப் பயிரிட்டனர் என்பதை மண் மட்டும் தீர்மானிக்கவில்லை. உரிமத் தாளும் தீர்மானித்தது.

காப்பி போய்த் தேயிலை வந்தபோது

மில்ன் இலங்கையிலிருந்து வந்தவர் என்பது தற்செயலானதன்று. மலாயாத் தேயிலைத் தொழிலின் முறைகளும் சொற்களும் பல இலங்கை மலைநாட்டில் பழகியவை. எனவே மலையேறிய தமிழ்த் தொழிலாளி எதைக் கைவிட்டான் என்பதை அறிய, முதலில் இலங்கை வரலாற்றைக் காண வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கை மலைநாட்டின் பெரும்பயிர் காப்பி. காப்பிப் பழம் பறிப்பது ஆண்டில் சில திங்களுக்குரிய வேலை. தமிழ்நாட்டு உழவர்கள் அறுவடை வேலை ஓய்ந்த காலத்தில் கடல் கடந்து, காட்டு வழி நடந்து, காப்பி பறித்துக் கூலி பெற்று, மீண்டும் ஊர் திரும்புவர். வழியில் மாண்டோர் பலர். அத்துன்பம் வேறு கதை. ஆயினும் பிழைத்துத் திரும்பியவனுக்கு ஊரில் குடிசையும், குத்தகை நிலமும், சுற்றமும் இருந்தன. காப்பிக்காக அவன் கைவிட்டது ஊரில் வேலை குறைந்த சில திங்களை மட்டுமே.

1869-ஆம் ஆண்டில் காப்பி இலைகளைத் துரு நோய் பற்றியது. அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பித் தொழில் பாழாயிற்று. 1867-ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரையில் பயிரிட்டுக் காட்டியிருந்த தேயிலை, காப்பி நின்ற இடத்தைப் பிடித்தது. முதலாளிக்கு இம்மாற்றம் எளிய கணக்கு. நோயுற்ற காப்பியின் வருவாய் வீழ்ந்தவுடன், தேயிலைக்காகக் கைவிடுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றாயிற்று.

தொழிலாளியின் கணக்கோ நேர்மாறாகத் திரும்பிற்று. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுதும் துளிர்ப்பது. சில நாளுக்கொரு முறை பறிக்காவிடில் முற்றிப் பயனற்றுப் போவது. ஆகவே தேயிலைக்குப் பருவத்துக்கு வந்து போகும் ஆள் போதாது. ஆண்டெல்லாம் தங்கும் குடும்பம் வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்கள், கவ்வாத்துக்கும் களையெடுப்புக்கும் ஆண்கள் என்று குடும்பமே மலையில் குடியேறிற்று. காப்பிக்காகச் சில திங்களைக் கொடுத்த உழவன், தேயிலைக்காகத் தன் ஊரையே கொடுத்தான். ஊரிலிருந்த குத்தகை நிலம் பிறர் கைக்குப் போயிற்று. ஒரு செடி மாறியதால் ஒரு மக்கட் கூட்டத்தின் வாழிடம் மாறிற்று. இந்த இழப்பு எந்தத் தோட்டத்தின் கணக்கேட்டிலும் செலவாக எழுதப்படவில்லை. எழுத வேண்டிய கட்டாயமும் முதலாளிக்கு இல்லை.

பிரிஞ்சாங் தோட்டங்கள் எழுந்தபோது இம்முறை முழுவதும் முதிர்ந்த நிலையில் அங்கே வந்து சேர்ந்தது. லயம், பிரட்டு, கங்காணி, கிராணி, துரை என்னும் அதே அமைப்பு. அதே ஆண்டு முழுவதுக்குமான வேலை.

கூலி எதனால் அளக்கப்பட்டது?

திருச்சி, தஞ்சை, சேலம், வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் திரட்டிய மக்கள் சென்னை, நாகப்பட்டினம் துறைகளில் கப்பலேறிப் பினாங்கு வழியாக மலாயாத் தோட்டங்களை அடைந்தனர். 1920-களின் இறுதியில் அரசு வரையறுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பகாங்கின் உட்பகுதி போன்ற எட்டாத இடங்களில் வாழ்க்கைச் செலவு மிகுதி என்று சற்றுக் கூடுதலாக வைத்தனர்.

இக்கூலி தொழிலாளி விளைத்த பொருளின் மதிப்பால் அளக்கப்பட்டதன்று. அவன் வேறெங்கே என்ன பெறக்கூடும் என்பதால் அளக்கப்பட்டது. ஊரில் பண்ணையாளாய்ப் பெறும் கூலி மிகக் குறைவு. அதற்கு மேல் சிறிது கொடுத்தால் அவன் வருவான். ஒருவனுக்கு மாற்று வழி சிறுத்திருக்குந்தோறும் அவன் உழைப்பு மலிவாகிறது. உழைப்பாளியின் வாய்ப்புச் செலவே முதலாளியின் கூலிச் செலவுக்கு அடித்தளம் என்பது இதனால் விளங்கும்.

தேயிலைத் தோட்டம் தொடங்கிய அதே 1929-ஆம் ஆண்டில் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியது. ரப்பர் விலை அடியோடு வீழ்ந்தது. 1930 முதல் 1932 வரை மலாயாவிலிருந்து ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். நின்றவர்களின் கூலி குறைக்கப்பட்டது. பால்மரக் காட்டில் வேலை இல்லாதபோது, குளிர்மலையில் காடு வெட்டிச் செடி நடும் வேலையை வேண்டாம் என்று சொல்ல எவனால் இயலும்? மறுக்கும் வழியற்றவன் ஏற்றுக்கொண்டதை அவனது விருப்பம் என்று கூறுவது சொல்லளவில் சரி, வரலாற்றளவில் குறையுடையது.

1938-ஆம் ஆண்டில் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்குச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. கூலிக் குறைப்பைக் குறித்த பூசல் அதற்கு ஒரு காரணம். அதன்பின் புதிய ஆள் வரவு நின்றதால், தோட்டத்திலிருந்த குடும்பங்களின் மதிப்பு முதலாளிக்கு உயர வேண்டும். பேரம் பேசும் வலிமை அவர்களுக்குக் கூட வேண்டும். ஆனால் அக்கணக்கு முழுதாய்ப் பலிப்பதற்குள் போர் வந்துவிட்டது.

பாலும் அரிசியும்

ஒரு குடும்பம் தேர்வு செய்வது போலவே ஒரு நாடும் தேர்வு செய்கிறது. போருக்கு முன் மலாயா தன் நிலத்தையும் ஆளையும் ரப்பருக்கும் ஈயத்துக்கும் கொடுத்து, உண்ணும் அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து வாங்கியது. ரப்பர் விற்ற பணத்தில் வாங்கும் அரிசி, அதே நிலத்தில் விளைவிக்கக்கூடிய அரிசியைவிட மிகுதி. ஆகவே கணக்கு சரிதான். 1817-ஆம் ஆண்டில் ரிக்கார்டோ என்னும் ஆங்கில அறிஞர் வகுத்த ஒப்பீட்டு நன்மைக் கோட்பாடும் இதனையே கூறும்.

ஆனால் அக்கணக்கு கப்பல் ஓடும்வரை நிற்கும் கணக்கு. 1941-ஆம் ஆண்டின் இறுதியில் சப்பானியப் படை இறங்கியது. அடுத்த மூன்றரை ஆண்டுக் காலம் அரிசி வரவு சுருங்கிற்று. தோட்டமக்கள் மரவள்ளிக்கிழங்கையும் சர்க்கரைவள்ளியையும் தின்று உயிர் காத்தனர். பால்மரத்துக்கும் தேயிலைக்கும் சந்தை இல்லை. இருந்த நிலத்தில் கிழங்கு நட்டவர் பிழைத்தனர். ஆயிரக்கணக்கான தமிழ்த் தோட்டத் தொழிலாளர் சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே மாண்டனர். வாய்ப்புச் செலவு என்பது நிலைத்த எண் அன்று. காலம் மாறினால் அது மாறும். அமைதிக் காலத்தில் வீணெனத் தோன்றிய கிழங்குப் பாத்தி, போர்க்காலத்தில் விலைமதிப்பற்றதாயிற்று.

பள்ளியில் கழியும் ஒரு பகல்

போருக்கு முன்னரே எழுந்த வேறொரு தேர்வு, தமிழாசிரியர்களுக்கு நேரே தொடர்புடையது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருக இஃது ஒரு காரணம். கேமரன் மலைத் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் தோன்றின.

பள்ளியில் சம்பளம் கேட்கவில்லை. ஆகவே கல்வி இலவசம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் பள்ளிக்குச் செல்லும் பன்னிரண்டு வயதுச் சிறுமி, தாயோடு மலைக்குச் சென்றால் கூடையில் இரண்டு கிலோவேனும் சேர்ப்பாள். வீட்டிலிருந்தால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். ஆயா கொட்டகை நன்கு அமையாத தோட்டத்தில் இப்பின்னதே பெரிய உதவி. அவ்வுதவியைக் கைவிட்டுத்தான் தாய் அவளைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். கட்டணமில்லாத கல்விக்கும் ஏழைக் குடும்பம் நாள்தோறும் ஒரு விலை கொடுக்கிறது. பிள்ளைகள் வகுப்புக்கு ஒழுங்காய் வருவதில்லை என்று பெற்றோரைக் குறை கூறுவோர், இவ்விலையை எண்ணிப் பார்த்தல் நலம்.

மண்ணும் நீரும்

1960-களின் முற்பகுதியில் கேமரன் மலை நீர்மின் திட்டம் உருவாயிற்று. தெலோம், பெர்த்தாம் ஆறுகளின் நீரைச் சுரங்க வழியே திருப்பி, ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணையில் தேக்கி, பேராக் பக்கம் இறக்கி மின்சாரம் எடுக்கும் திட்டம் அது. அதுவரை மலைக்கு இருந்த பயன்களோடு மற்றொன்று சேர்ந்தது: மண்ணைப் பிடித்து நிறுத்தித் தெளிந்த நீரை அணைக்கு அனுப்புவது.

நன்கு வளர்ந்த தேயிலை நிலத்தை மூடி நிற்கும். மழைத்துளி நேரே மண்ணில் விழாது. காய்கறிப் பாத்தியோ மூன்று திங்களுக்கொரு முறை கொத்தித் திறக்கப்படுவது. மேலும் மேலும் சரிவுகள் வெட்டப்பட்டுப் பாத்திகளாகவும் நெகிழிக் கூரைக் கூடங்களாகவும் மாறவே, அரித்த மண் ஆற்றில் இறங்கி அணைத் தேக்கத்தைத் தூர்த்தது. 2013-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பெருமழையின்போது அணை நீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று.

சரிவை வெட்டிக் கோசு நட்டவரின் கணக்கில் இலாபம் உண்டு. தூர்ந்த தேக்கத்தின் இழப்பு மின்வாரியத்துக்கு. வெள்ளத்தின் இழப்பு கீழே குடியிருந்தோருக்கு. தேர்ந்தவர் ஒருவர், இழந்தவர் வேறொருவர். இத்தகைய இடங்களில் சந்தை விலை தானாகச் சரியான விடையைத் தருவதில்லை. சட்டமும் காவலும் அதைச் செய்ய வேண்டியிருக்கிறது.

கையும் எந்திரமும்

தேயிலைத் தொழிலுக்கு உள்ளேயே மற்றொரு தேர்வு நாள்தோறும் நிகழ்கிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளினால் தேயிலை நயமுடையதாகும். முற்றிய இலையையும் சேர்த்துப் பறித்தால் எடை கூடும். ஒருத்தி ஒரு நாளில் நயமான கொழுந்து 20 கிலோ, அல்லது முற்றிலையும் கலந்து 30 கிலோ பறிக்கக் கூடுமாயின், நயமான ஒவ்வொரு கிலோவின் விலையும் ஒன்றரைக் கிலோ கலப்பிலை ஆகும். எடைக்குக் கூலி கொடுத்துவிட்டு நயத்தை எதிர்பார்க்கும் தோட்டம், இக்கணக்கைத் தன் தொழிலாளியின் தலையில் ஏற்றுகிறது.

1970-களுக்குப் பின் மலேசியாவில் ஆலைகளும் நகரங்களும் பெருகின. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேறு வேலைகள் கிடைத்தன. அவர்கள் மலையில் நிற்பதன் வாய்ப்புச் செலவு உயர்ந்தது; ஆகவே மலையைவிட்டு இறங்கினர். கிள்ளுவதற்குக் கைகள் குறையவே, கத்தரி வந்தது; பின் இருவர் சுமந்து செல்லும் அறுவடை எந்திரம் வந்தது. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தனர். எந்திரம் அதற்கு முன்னரும் செய்யக்கூடியதே. ஆனால் கைகள் மலிவாய் இருந்தவரை அதனை வாங்குவதில் முதலாளிக்கு ஊதியம் இல்லை. மலையில் கை மறைந்து எந்திரம் தோன்றியது, அறிவியல் வளர்ந்ததன் அடையாளம் என்பதைவிட, தொழிலாளிக்குப் போக்கிடம் பிறந்ததன் அடையாளம் என்பதே பொருந்தும்.

ஆயினும் எல்லாராலும் இறங்க முடியவில்லை. தோட்டத்தில் வீடு கூலியின் ஒரு பகுதி. வேலை போனால் வீடும் போகும். முப்பதாண்டு உழைத்தும் சொந்தக் கூரை இல்லாத குடும்பத்துக்கு, வேலையை விடுவதன் விலை கூலியை இழப்பது மட்டுமன்று. தங்கும் இடத்தையும் இழப்பதாகும். இலவச வீடு என்று பேசப்பட்ட அதுவே, அவர்களை மலையோடு பிணைத்த கயிறாயிற்று. தோட்டமக்களுக்குச் சொந்த வீடு வேண்டும் என்று மலேசியாவில் நெடுங்காலம் எழுந்துவரும் கோரிக்கை, பொருளியல் மொழியில் கூறினால், தொழிலாளிக்கு மறுக்கும் உரிமை வேண்டும் என்பதே.

வகுப்பறையில் வாய்ப்புச் செலவைக் கற்பிக்கும் ஆசிரியர் துப்பாக்கியும் வெண்ணெயும் என்னும் பழைய மேனாட்டு எடுத்துக்காட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. பிரிஞ்சாங் மலை போதும். தேயிலையா காய்கறியா, காடா பாத்தியா, நயமா எடையா, கூடையா பள்ளியா என்னும் நான்கு வினாக்களில் பாடம் முழுதும் அடங்கிவிடும். மாணவர் விடை எழுதி முடித்தபின் ஆசிரியர் ஐந்தாவதாக ஒரு வினாவும் சேர்க்கலாம்: ஒவ்வொன்றிலும் தேர்ந்தவர் யார், கைவிட்டவர் யார்? இரண்டுக்கும் விடை ஒரே பெயராய் இருக்கும் இடத்தில் வள்ளுவர் சொன்ன கணக்கு போதுமானது. வேறு வேறு பெயராய் இருக்கும் இடத்தில், அழிவதையும் ஆவதையும் ஒரே ஏட்டில் எழுதிக் கூட்டிக் கழிப்பது நேர்மையாகாது. பிரிஞ்சாங் தேயிலையின் நூறாண்டு வரலாற்றில் அப்பெயர்கள் பெரும்பாலும் வேறு வேறாகவே இருந்தன.